குண்டு விழும் தூரம்

கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் இந்த ‘குண்டு’ எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் அங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள். “பீரங்கிக் குண்டு விழுந்த ஊருங்க” என்பார்கள். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதில்தான் வேடிக்கை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை என்று பேசி முடித்தார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். இருப்பதிலேயே தூரம் போகிற பித்தளைப் பீரங்கியாகவும் அதைச் சுடத் தெரிந்த ஆளாகவும் பார்த்துப் பொறுக்கச் சொன்னார். ஒவ்வொரு திசையாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் உட்பட, கம்பெனிக்குப் போயின. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அப்படி வந்தது.

பழைய ஆங்கிலப் பீரங்கிக்காரர்களின் பேச்சில் சுடுவது இரண்டு தினுசு. குழலை மட்டமாக வைத்துச் சுட்டால் ‘பாயிண்ட் பிளாங்க்’. வாயைத் தூக்கிக் குண்டை வானத்தில் வீசினால் ‘ராண்டம்’. கம்பெனி எழுதி வாங்கியது இரண்டாவது சொல்லை. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது: வாயைத் தூக்கினால் நிலம் கூடும்.

இன்றைக்கு வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் மேல் பொருத்தியிருக்கும் ஸ்கோப்பைப் பார்த்தால் அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். விரலால் திருப்பினால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல டிக், டிக் என்று நகரும். ஒரு டிக்குக்குக் குண்டு படும் இடம் 100 கஜத்தில் கால் அங்குலம் மேலே ஏறும். 200 கஜத்தில் அதே டிக் அரை அங்குலம், 400 கஜத்தில் ஓர் அங்குலம். யேலின் பித்தளைப் பீரங்கி வாயைத் தூக்கியதும் இந்தக் குமிழ் செய்வதும் ஒரே வேலைதான். இரண்டுக்கும் நடுவே முன்னூறு ஆண்டுகள். அந்தக் குமிழ் பிறந்த கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

குண்டு விழும் என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் முன்னூறு ஆண்டு தேவைப்படவில்லை. உண்டிவில் வைத்திருக்கும் பையனுக்கே தெரியும். பக்கத்துக் கிளை மாங்காய்க்கு நேராகப் பிடிப்பான். உச்சிக் கிளை என்றால் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பான். எவ்வளவு தூக்குவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு கல் கீழே போனபின் ஐந்தாவது கல் சரியாகப் போகும். வேட்டைக்காரனுக்கு அந்த ஐந்தாவது கல் கிடையாது. முதல் குண்டின் சத்தத்திலேயே மான் போய்விடும்.

என் துப்பாக்கி அனுபவம் கல்லூரி என்.சி.சி.யோடு சரி. குப்புறப் படுத்துக்கொண்டு .22 ரைஃபிளில் 25 கஜத்துக்கு ஐந்து ரவுண்டு. அந்தத் தூரத்தில் குண்டு விழுவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. என் தோள் நடுங்கியதுதான் எல்லாக் கவலையும். ஆனால் .30-06 ரைஃபிளில் 180 கிரெயின் குண்டைப் போட்டு, 200 கஜத்தில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர்கள் இதை ‘ஜீரோ செய்வது’ என்பார்கள். அதே குறியோடு 300 கஜத்தில் சுட்டால் குண்டு சுமார் 21 சென்டிமீட்டர் கீழே படும். 400 கஜத்தில் 60 சென்டிமீட்டர். 500இல் ஏறத்தாழ 1.2 மீட்டர். சமமாக நூறு நூறு கஜம் கூட்டினாலும் விழுவது சமமாகக் கூடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தொல்லை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. குழலை விட்டதும் குண்டு ‘மேலே எழும்பும்’ என்று சத்தியம் செய்யும் பழைய வேட்டைக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. குழல் எந்தக் கோட்டைக் காட்டுகிறதோ அந்தக் கோட்டுக்குக் கீழே குண்டு முதல் கணத்திலிருந்தே விழத் தொடங்கிவிடுகிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பார்வைக் கோடு நேர். குழல் மட்டும் அந்தக் கோட்டை நோக்கி ஒரு துளி நிமிர்ந்திருக்கிறது. அதனால் குண்டு பார்வைக் கோட்டைக் கீழிருந்து ஒருமுறை வெட்டி, மேலே போய், வளைந்து, தூரத்தில் இன்னொருமுறை வெட்டிக் கீழே போகிறது. அந்த இரண்டாவது வெட்டுத்தான் ஜீரோ. நடுவில் கோட்டுக்கு மேலே இருக்கும் பகுதியைப் பார்த்துத்தான் அவர்கள் எழும்புகிறது என்றார்கள்.

இதை முதலில் காகிதத்தில் பிடிக்கப் பார்த்தவர் ஒரு திக்குவாய்க்காரர். 1512இல் பிரெஞ்சுப் படை இத்தாலியின் பிரெஷா நகரைச் சூறையாடியபோது ஒரு சிப்பாயின் வாள் ஒரு சிறுவனின் தாடையைப் பிளந்தது. பிழைத்துக்கொண்டான், பேச்சு திக்கிவிட்டது. ‘தர்தாலியா’ என்றால் திக்குவாயன். அதையே பெயராக வைத்துக்கொண்டு கணித வாத்தியாராகிவிட்டார் நிக்கோலோ தர்தாலியா. வெரோனாவில் ஒரு பீரங்கிக்காரர் அவரிடம் வந்து, எவ்வளவு சாய்வில் சுட்டால் அதிக தூரம் போகும் என்று கேட்டார். 45 பாகை என்றார் இவர். மனிதனைக் கொல்லும் கலைக்குக் கணக்குப் போடுவது பாவம் என்று நடுவில் ஒதுக்கியும் வைத்திருக்கிறார். துருக்கியர்கள் வருகிறார்கள் என்றதும் மனம் மாறி, 1537இல் வெனிஸில் ‘நோவா சயின்ஷியா’வை அச்சிட்டார். அதில் குண்டு கொஞ்ச தூரம் நேராகப் போய், வளைந்து, பிறகு செங்குத்தாக விழுவதாகப் படம் போட்டிருந்தார். பிற்பாடு எழுதியபோது, குண்டின் பாதையில் எந்தத் துண்டும் முழுக்க நேர் இல்லை என்று தன்னைத்தானே திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம்தான் பெரிது என்பேன். கலிலியோ 1638இல் அந்த வளைவுக்குப் பரவளையம் என்று வடிவம் கொடுத்தார்.

பரவளையம் அழகான வளைவு. ஆனால் காற்றே இல்லாத உலகத்துக்கு உரியது. இந்த உண்மையைப் போட்டு உடைத்தவர் தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தவர்.

பெஞ்சமின் ராபின்ஸ், இங்கிலாந்தின் பாத் நகரத்துக்காரர். குவேக்கர் குடும்பம், ஆயுதமே கூடாது என்கிற மார்க்கம். அவர் கட்டிய சாதனம் எளிமையானது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். அதன் அடியில் ஒரு நாடா. துப்பாக்கியால் கட்டையைச் சுட்டால் கட்டை பின்னே ஆடும். ஆடிய அளவுக்கு நாடா உருவிக்கொண்டு வரும். நாடாவின் நீளம், கட்டையின் எடை, குண்டின் எடை மூன்றும் கையில் இருந்தால் குண்டின் வேகம் வந்துவிடும். கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றின் வேகத்தை ஒரு முழம் நாடாவில் அளந்துவிட்டார். பிறகு கட்டையைத் தள்ளி வைத்துச் சுட்டார். இன்னும் தள்ளி வைத்தார். ஒவ்வொரு தடவையும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போயிற்று? காற்று தின்றிருக்கிறது. மஸ்கெட் குண்டு புறப்படும் வேகத்தில் அதன் எடையைப்போல் சுமார் நூறு மடங்கு விசையோடு காற்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கலிலியோவின் கணக்குப்படி 45 பாகையில் சுட்ட மஸ்கெட் குண்டு 16 மைலுக்கு மேல் போக வேண்டும். நிஜத்தில் ஒரு மைல்கூடப் போகாது.

1742இல் இதைப் புத்தகமாகப் போட்டார். 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்துக் குறிப்புகளும் எழுதியவர் ஆய்லர். கணித உலகில் இதைவிடப் பெரிய ஆள் அந்த நூற்றாண்டில் கிடைக்க மாட்டார். ராபின்ஸ் அத்தோடு விடவில்லை. ஒரு துப்பாக்கிக் குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்து, வழியில் காகிதத் திரைகளைக் கட்டிவிட்டுச் சுட்டார். குண்டு முதல் திரைகளில் இடப்பக்கம் ஓட்டை போட்டுவிட்டு, போகப் போக வலப்பக்கம் திரும்பிவிட்டது. சுழலும் குண்டைக் காற்று திருப்பும். நம் ஸ்பின்னர்கள் பந்தைச் சுழற்றி அதை வழியிலேயே வளைய வைக்கிறார்களே, அதே காற்று. 1747இல், குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டிய ரைஃபிளை எந்த நாடு முதலில் கையில் எடுக்கிறதோ அது மற்ற நாடுகளை மிஞ்சும் என்றும் எழுதினார்.

கம்பெனி அவரைத் தலைமை இன்ஜினியராக்கிக் கப்பலேற்றியது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னை அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. கம்பெனியின் தலைமையிடம் இன்னும் தேவனாம்பட்டினத்தில்தான். 1750 ஜூலையில் வந்து இறங்கினார். கோட்டைகளுக்குப் படம் போட்டார். காய்ச்சல் கண்டது, தேறினார், மறுபடி படுத்தார். 1751 ஜூலை 29இல் இறந்தார். வயது நாற்பத்து நாலு. குண்டு விழும் தூரத்தை வைத்து எல்லை போட்ட ஊரில், அந்தத் தூரத்தைக் காற்று எவ்வளவு குறைக்கிறது என்று உலகுக்குச் சொன்னவரின் கதை முடிந்தது. கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தில் அந்தக் கோட்டையின் இடிபாடு இன்றும் கிடக்கிறது. ராபின்ஸ் பெயரை அங்கே நான் எங்கும் பார்த்ததில்லை.

அவர் சொன்ன ரைஃபிள் நூறு ஆண்டு தாமதமாகப் படைகளுக்கு வந்தது. 1853 மாடல் என்ஃபீல்டை நமக்குச் சிப்பாய்க் கலகத்தின் கொழுப்புத் தடவிய தோட்டாவால் தெரியும். அதன் பின்பக்கக் குறியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 100 முதல் 400 கஜம் வரை சின்னப் படிக்கட்டு. அதற்கு மேல் ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்தால் ஏணிபோல நிற்கும், அதில் 900 கஜமும் அதற்கு மேலும் கோடு போட்டிருக்கும். தூரத்துக்குத் தக்கபடி சட்டத்தை ஏணியில் ஏற்றிப் பார்த்தால் குழல் தானாக நிமிரும். ஸ்கோப் குமிழின் பாட்டி இது. அந்தக் காலத்துக் கனத்த ஈயக் குண்டு மந்தமானது. 500 கஜம் போக வேண்டுமென்றால் நடுவழியில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே வளைந்து போய் வரும். ஏணியில் 500 வைத்து, ஆள் நிற்பது 450 என்றால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். ஆக, ஏணி பிரச்சினையைத் தீர்க்கவில்லை. வேறிடத்துக்கு மாற்றி வைத்தது. எவ்வளவு தூக்குவது என்பதற்குப் பதில் கிடைத்ததும், எவ்வளவு தூரம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தின் ஹைத் ஊரில் 1853இல் தொடங்கிய துப்பாக்கிப் பள்ளியில் தூரம் மதிப்பிடுவது தனிப் பாடமாகவே இருந்தது. எவ்வளவு தூரத்தில் முகம் மங்கும், எங்கே பொத்தான் கண்ணுக்கு மறையும் என்று சிப்பாய்கள் பார்த்துப் பழக வேண்டும். இதற்கப்புறம் இந்தக் கதையில் வந்த ஒவ்வொரு கருவியும் அந்த இரண்டாம் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது.

ஸ்கோப் அதற்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா ஊரில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லரும் ஜான் சாப்மன் என்ற இன்ஜினியரும் சேர்ந்து செய்தார்கள். ஏறக்குறைய குழல் நீளத்துக்கே ஓர் இரும்புக் குழாய், இரு முனையிலும் கண்ணாடி. 1855இலிருந்து சிராக்யூஸில் வில்லியம் மால்கம் இன்னும் நல்ல கண்ணாடியோடு செய்து விற்றார். இவற்றில் குமிழ் உள்ளே கிடையாது. குழாயை முழுசாகவே திருகு வைத்துச் சாய்ப்பார்கள். அந்தத் திருகு மெல்ல மெல்ல ஸ்கோப்புக்குள் போய்க் குமிழானது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை வேட்டை இதற்குப் பெரிய சந்தை. வியன்னாவில் கால்ஸ் கம்பெனி 1898இல் தொடங்கியது. 1947இல் அமெரிக்காவில் லூபோல்ட் கம்பெனி வேட்டை ஸ்கோப் செய்ய இறங்கியதற்கும் ஒரு மான்தான் காரணம் என்பார்கள். மார்கஸ் லூபோல்டின் ஸ்கோப் உள்ளே பனி படிந்து மங்கிவிட, மான் தப்பித்ததாம். இதைவிட நல்லதாக நானே செய்வேன் என்று காட்டிலேயே கத்தினாராம்.

கணக்குப் பக்கம் பீரங்கிகளால்தான் வளர்ந்தது. ஜெர்மனியின் குருப் ஆலை சுட்டுப் பார்த்த அளவுகளை வைத்து ஒரு ‘மாதிரிக் குண்டு’ பிறந்தது. உங்கள் குண்டு அதைவிட எவ்வளவு மோசமாகக் காற்றைக் கிழிக்கிறது என்ற ஓர் எண் தெரிந்தால் போதும், அட்டவணையில் மீதி கிடைக்கும். இன்றும் தோட்டாப் பெட்டியில் அந்த எண்ணைப் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒரே ஒரு பாதையைக் கையால் போட்டு முடிக்க ஒருவருக்கு 20 மணி நேரம் ஆனது. போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலைக்குப் பெயரே ‘கம்ப்யூட்டர்’. அவர்களை விடுவிக்கக் கட்டியதுதான் 1946இல் உலகுக்குக் காட்டிய எனியாக் என்ற கணினி. அது அரை நிமிடத்தில் பாதையைப் போட்டது. நம் மடியில் இருக்கும் கணினியின் வம்சம் குண்டு விழும் அட்டவணையிலிருந்து கிளைத்தது என்று யோசித்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஜேம்ஸ் லெதர்வுட். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இளம் அதிகாரி. இரண்டு கேள்விகளையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். உள்ளே இரண்டு கோடு. அவற்றுக்கு நடுவில் 30 அங்குல உயரம் உள்ள ஒன்று, அதாவது ஓர் ஆளின் இடுப்பிலிருந்து தலைவரை, சரியாக அடங்கும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். தூரத்து ஆள் சின்னதாகத் தெரிவார். அதிகம் திருப்ப வேண்டும். 6 மடங்கில் அடங்கினால் தூரம் 600 மீட்டர். 9இல் அடங்கினால் 900. இதுவரை அளவுகோல்தான். அந்த வளையத்தோடு ஒரு கோணல் வட்டத் தகட்டையும் அவர் பொருத்தியிருந்தார். தையல் மெஷினுக்குள் இருக்கும் கேம் போன்றது. வளையம் திரும்பத் திரும்ப, அந்தத் தகட்டின் மேடு ஸ்கோப்பின் பின்பக்கத்தைத் தூக்கும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு தூக்க வேண்டுமோ அந்த வளைவு இரும்பிலேயே வெட்டப்பட்டிருந்தது. சுடுபவர் எண்ணையே பார்க்க வேண்டாம். கோட்டுக்குள் அடக்கு, சிலுவைக் குறியை வை, சுடு. தர்தாலியாவின் சாய்வும் ராபின்ஸின் காற்றும் ஹைத் பள்ளியின் தூரப் பாடமும் ஒரு விரற்கடை இரும்பின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. வேட்டைக்கு வந்தபோது மனித உடலுக்குப் பதில் மானின் முதுகிலிருந்து நெஞ்சடி வரை 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டார்கள்.

சோவியத் நாட்டில் 1963இல் வந்த டிராகுனோவ் துப்பாக்கியின் ஸ்கோப்பில் இதே யோசனை கண்ணாடியில் கோடாகவே இருக்கும். சாய்ந்து இறங்கும் ஒரு வளைகோட்டுக்கும் தரைக்கோட்டுக்கும் நடுவே 1.7 மீட்டர் ஆளை நிறுத்திப் பார்த்தால், தலை தொடும் இடத்தில் எழுதியிருப்பது தூரம். இந்த முறைக்கெல்லாம் ஒரு பலவீனம் உண்டு: மான் உங்கள் கணக்குப்படி வளர வேண்டும். கன்றைப் பெரிய மான் என்று நினைத்து அடக்கினால், இருக்கும் தூரத்தைவிட அதிகமாகக் காட்டும். குண்டு முதுகுக்கு மேலே போகும். அந்தப் பக்கம் தவறுவது பரவாயில்லை. 400 கஜத்தில் நிற்பதை 300 என்று நினைத்தால் குண்டு சுமார் 32 சென்டிமீட்டர் கீழே போய்க் காலை உடைக்கும். மான் மூன்று காலில் காட்டுக்குள் போய்ப் பல நாள் கழித்துச் சாகும். இதனால்தான், குமிழைத் திருப்பும் நேரத்தில் இன்னும் நூறு கஜம் தவழ்ந்து கிட்டே போ என்று சொல்லும் பழைய வேட்டைக்காரர்கள் பக்கம் நான் சாய்கிறேன். சுட்டே தீர வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

மலையில் இன்னொரு சிக்கல் சேரும். நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைகள் ‘ஐபெக்ஸ்’ என்று பேர் வைத்து வரையாட்டைத் துரத்திய காலத்தில், ஆடு ஆபத்தைக் கீழிருந்துதான் எதிர்பார்க்கும் என்பதால் அதற்கும் மேலே ஏறிப் பள்ளத்தைப் பார்த்துச் சுடுவது வழக்கம். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் குண்டு நினைத்ததைவிட உயரத்தில்தான் போகும். சாய்ந்த கோட்டின் நீளத்துக்குத் தூக்கினால் தப்பு. அதன் கிடைத்தளத் தூரத்துக்கு மட்டும் தூக்க வேண்டும். 30 பாகை சரிவில் 400 கஜம் என்றால் கணக்குக்கு 346தான். அந்தக் காலத்தில் நீலகிரியில் எத்தனை வரையாடு இந்தப் புண்ணியத்தில் பிழைத்ததோ! வேட்டையைத் தடை செய்த 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தக் கணக்குக்கே இங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

1990களில் லேசர் வந்தது. கையளவுக் கருவி, பொத்தானை அழுத்தினால் ஒளி போய் மானின் மேல் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். இப்போது சரிவையும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, எங்கே குறி வைப்பது என்று கண்ணாடிக்குள்ளேயே ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டும் ஸ்கோப்புகளும் கடையில் கிடைக்கின்றன. ஹைத் பள்ளியின் பாடம் ஒரு பொத்தானுக்குள் முடிந்துவிட்டது.

ஆனாலும் பனிமலையில் விடியற்காலையில் பேட்டரி செத்துவிடும். அதனால் இந்தக் கருவிகளெல்லாம் வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள்கூடத் துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக் காகிதம் ஒன்றை செலோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. இடப்பக்கம் 300, 350, 400, 450. வலப்பக்கம் எத்தனை டிக். மழையில் ஊறி 350க்கு நேரே உள்ள எண் மட்டும் கலைந்திருக்கும். அதன் மேலேயே அழுத்தி மறுபடி எழுதியிருப்பார்கள்.